ஆறு வருஷத்துக்கு ஒரு நிலம்

கமலவேணி உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்கள் தெருவில் குறைவு. சாப்பாட்டைக்கூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடியேதான் சாப்பிடுவாள். கல்யாணமான புதிதில் அவள் மாமியார், "எனக்கு மருமக வரல, கால்ல சக்கரம் கட்டினது ஒண்ணு வந்திருக்குது" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். அதைக் கேட்டு அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட நேரம் வேண்டுமே.

செய்யாத வேலை கிடையாது. சின்ன வயதில் காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் சேர்த்துவிட்டார்கள். நெய்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புடவையின் கரைக்கான நூல் ஓடுகிற நாடாவைத் தள்ளிவிடும் வேலை. ஒரு மாசம் ஓடியது. அந்த வீட்டுக்காரர் தெலுங்கு பேசுகிறவர், நல்ல மனிதர். "தல்லி, உனக்கு ஒரு கும்பிடு. நீ ஆட்டற ஆட்டத்துல என் தறியே கழண்டுடும்போல இருக்குது" என்று கூலியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு கோயில் வாசலில் பூ விற்றாள். பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் பெட்டி அடுக்கினாள். நின்றுகொண்டே செய்கிற வேலைதான், ஆனால் ஒரே இடத்தில் நிற்க வேண்டுமாம். அதையும் விட்டாள். அவள் கணவர் பிரேம்நாத் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், வாயைத் திறந்து பேசினால் வரி போடுவார்கள் என்று நினைக்கிற ஆள். இவள் ஓடுவாள், அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் குடும்பம் அப்படித்தான் நடந்தது.

நான் டேனியல். காஞ்சிபுரத்திலிருந்து கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுகிறேன். கமலவேணிக்கு மூன்று வீடு தள்ளி என் வீடு. அவள் கும்பிடுகிற சாமி வேறு, என் சாமி வேறு, ஆனாலும் அக்கா என்று கூப்பிட்டுத்தான் வளர்ந்தேன். அவளைப் பற்றி எழுத நான் அவ்வளவு பொருத்தமான ஆள் இல்லை. அவளுடைய தோப்பின் மேல் எனக்கும் ஒரு கண் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

முசரவாக்கம் போகிற பாதையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற நிலம் முழுக்க ஒரு காலத்தில் ஒரே மிராசுதாருடையது. எங்களைப் பெற்றவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் அதில் கூலிக்கு இறங்கிக் கூலியோடு கரையேறியவர்கள். ஒரு ஆள் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம் என்று உச்சவரம்புச் சட்டம் வந்தது. அவர் கையில் மிஞ்சியதை எடுத்து, வீட்டுக்கு ஒரு துண்டு என்று எங்கள் தெருவுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

கொடுத்தது சரி. எல்லா மண்ணும் ஒரே மண்ணா? ஏரி மதகை ஒட்டிய துண்டில் விளக்குமாற்றுக் குச்சியை நட்டாலும் தளிர்க்கும். கடைசித் துண்டு சுத்தக் களர், வெயில் ஏற ஏற உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கும். முதல் வருஷமே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் தம்பிக்குள் சண்டை. அப்போதுதான் பெரியவர்கள் கூடி ஒரு ஏற்பாடு செய்தார்கள். எந்தத் துண்டும் யாருக்கும் நிரந்தரம் இல்லை. ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை சீட்டு. எது விழுகிறதோ அதில் ஆறு வருஷம் பயிர் வைக்கலாம். பிறகு எழுந்து அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும்.

சித்திரை மாசத்து முதல் ஞாயிறு, கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலுக்கும் சர்ச்சுக்குப் போகிறவர்கள் சர்ச்சுக்கும் போய்வந்த பிறகு, தண்ணீர் டேங்க் அடியில் கூடுவோம். தறி வீடுகளிலிருந்து ஊடை நூல் சுற்றுகிற சின்னக் குழல்களை வாங்கி வைத்திருப்போம். தார் என்பார்கள். காலித் தாருக்குள் சீட்டைச் சுருட்டித் திணித்துக் குடத்தில் போட்டுக் குலுக்குவது வழக்கம். வெறும் சீட்டென்றால் மடிப்பைத் தடவிப் பார்த்து எடுப்பார்கள் என்று எங்கள் பெரியவர்களுக்கு ஒருவர் மேல் ஒருவருக்கு அவ்வளவு நம்பிக்கை! குடத்தில் கைவிடுவது வீட்டுப் பெண்கள். ஆம்பிளைகள் விட்டால் அங்கேயே அடிதடி.

இன்னொரு விதியும் உண்டு. சீட்டு விழுந்த மறுநாள் பொழுது சாய்வதற்குள், நிலத்துக்கு மேலே நீ வைத்ததை அறுத்து எடுத்துக்கொள்ளலாம். சாய்ந்த பிறகு அது புதிதாக வருகிறவனுக்கு. மண்ணுக்குள் இருப்பது எப்போதும் நிலத்தோடு. கத்தரிச் செடியையும் வாழைத்தாரையும் மனதில் வைத்துச் சொன்ன விதி அது.

இந்த ஏற்பாட்டால் ஒரு நல்லதும் நடந்தது. பட்டாவில் ஒரு துண்டு, பயிர் வைப்பது ஒரு துண்டு. சுற்றியிருந்த நிலமெல்லாம் கல் நட்டு மனையாகிப் போனபோது, ஒரு புரோக்கர் வெள்ளைக் காரில் எங்களிடமும் வந்தார். "இந்த இடம் யாருதுபா?" என்று கேட்டார். அங்கிருந்த மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள். மூன்றும் சரிதான். அவர் ஒரு சோடா குடித்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை.

கமலவேணிக்கு ஒரு தடவை களர்த் துண்டு விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் ஆறு வருஷம் சும்மா போட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். இவள் உரத்துக்காகச் சணப்பு விதைத்து மடக்கி உழுதாள், ஏரி வண்டலைக் கூடை கூடையாகச் சுமந்து கொட்டினாள். கடைசி வருஷம் கேழ்வரகு வந்தது. வந்த கையோடு சீட்டு. அடுத்து வந்தவன் அவள் கொட்டிய வண்டல் மேல் படுத்து இரண்டு வருஷம் சம்பாதித்தான், பிறகு உப்பு மறுபடி ஏறியது. அவள் முணுமுணுக்கக்கூட இல்லை, ஏனென்றால் அந்தச் சீட்டில் அவளுக்கு மதகோரத் துண்டு விழுந்திருந்தது.

அங்கேதான் அவள் புத்தி கெட்டது. ஆறு வருஷத்து நிலத்தில் கொய்யாக்கன்று நட்டாள். ஒன்று இரண்டல்ல, துண்டு முழுக்க. பிரேம்நாத்தும் அவளும் சேர்ந்து ஒரு உறைக்கிணறும் வெட்டினார்கள். பகலெல்லாம் ஓடிவிட்டு வந்து, வேலி ஓரம் நின்று கன்றுகளை எண்ணிக்கொண்டிருப்பாள். "அக்கா, இது காய்க்கறதுக்குள்ள சீட்டு வந்துடுமே" என்று நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "நீ உன் பஸ்ஸ ஓட்டு டேனியலு" என்றாள். வேறு யாரும் கேட்கவில்லை. அவளிடம் கேட்டு யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

மூன்றாம் வருஷம் காய்த்தது. உள்ளே சிவப்பு, வாயில் வைத்தால் தேன். காலையில் பறித்துக் கூடையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பாள். என் பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகள் வாங்கிவந்து, விதையைக்கூடத் துப்பாமல் தின்பார்கள். காய்க்கத் தொடங்கிய பிறகு அவள் கொஞ்சம் நிதானமாக நடந்ததாக எனக்கு நினைவு. ஒரு நாள் மரத்தடியில் உட்கார்ந்துகூட இருந்தாள். நான்தான் பார்த்தேன். போய்ச் சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை.

போன தை மாசம் அவளுக்குப் பழைய வியாதி திரும்பிவிட்டது. சித்திரையில் சீட்டு. வீடு வீடாக ஏறி இறங்கினாள். பால் காய்ச்சுகிற நேரத்துக்கு வருவாள், பாதி பேச்சில் எழுந்து போவாள், மறுபடி வருவாள். எல்லாரிடமும் ஒரே பேச்சு. சீட்டை நிறுத்திவிடுவோம், அவரவர் இருக்கிற துண்டு அவரவருக்கே. கேட்டவர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். நல்ல துண்டில் இருந்தவர்கள்தான் ஆட்டினார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஆறு வருஷமும் களர்த் துண்டு யாரிடம் என்று கேட்கிறீர்களா? என்னிடம்தான், அவள் வண்டலில் சம்பாதித்தவன் நான்தான். எங்கள் வீட்டுக்கு மட்டும் அவள் வரவில்லை.

பங்குனியில் தெருக் கூட்டம் போட்டார்கள். பூவராகவன் பெரியப்பாதான் எங்களுக்கு மூத்தவர். நிலம் பிரித்துக் கொடுத்த அன்றைக்குத் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றவர். கமலவேணி நின்றபடியே பேசினாள். ஒரு கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"யாரு உழைச்சாங்களோ அவங்களுக்குத்தானே நெலம்? அத சொல்லித்தானே நம்ம ஆளுங்க வாங்கினாங்க? நான் உழைச்சிருக்கேன். கெணறு வெட்டினேன். ஒவ்வொரு மரமும் எம் பிள்ள மாதிரி. இத எப்படி இன்னொருத்தர் கையில தூக்கிக் குடுக்கறது?"

பெரியப்பா நிதானமாகச் சொன்னார். "மிராசுதாரும் இதையேதாம்மா சொன்னாரு. நான் கெணறு வெட்டினேன், நான் தோப்பு வெச்சேன், என்னாண்டருந்து எப்படி எடுப்பீங்கன்னு கேட்டாரு."

"அவரு ஆள வெச்சி வெட்டினாரு பெரியப்பா. வெட்டினது உங்க அப்பா. நான் எங்கையால வெட்டினேன். ரெண்டும் ஒண்ணா?"

பெரியப்பா தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரெண்டும் ஒன்று இல்லைதான். அவள் கேட்டது நியாயம்தான். களர்த் துண்டில் உட்கார்ந்திருந்த எனக்கே அவள் பக்கம் கை தூக்கிவிடலாமா என்று தோன்றியது. பக்கத்தில் நின்றிருந்த வீரபாகு, "நிறுத்தினாலும் சரி, நடத்தினாலும் சரி, சீக்கிரம் சொல்லுங்கபா, தூக்கம் வருது" என்றான். அவன் கல்யாண மண்டபத்தில் ராத்திரி வாட்ச்மேன். நிலத்தில் எந்தத் துண்டு விழுந்தாலும் ஆடு மேய விட்டுவிட்டுப் பகலெல்லாம் தூங்குகிறவன். நல்லவன்தான். ஆனால் அவன் கை மண்ணைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

கை தூக்கச் சொல்லப்போகிற நேரத்தில் என் மனைவி பிரவீனா எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை.

"அக்கா, உங்களுக்குக் களர் வந்தப்போ நாங்க யாரும் நிறுத்தலாம்னு சொல்லலியே. அப்போ நிறுத்தியிருந்தா நீங்க இன்னிக்கும் அங்கதானே இருப்பீங்க? மதகோரத்துல இருந்தவங்க எழுந்து குடுத்ததாலதானே உங்களுக்கு வந்துச்சி?"

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். கமலவேணியின் கால் தட்டுவது நின்றது. பிறகு, "சீட்டுப் போடுங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள். கை தூக்குகிற வேலையே இல்லாமல் கூட்டம் முடிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு பிரவீனா அழுதாள். "தப்பாப் பேசிட்டனாபா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். தப்பாகப் பேசியிருந்தால் அக்கா அங்கேயே நின்று சண்டை போட்டிருப்பாள்.

சீட்டு நாளன்று கமலவேணி முதல் ஆளாக வந்து டேங்கைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தன் முறை வந்ததும் குடத்தில் கையைவிட்டு, எடுத்தாள். நடுத்துண்டு. மோசமில்லை, மழை பெய்தால் நெல் வரும். பிரவீனாவுக்கு ரோட்டுப் பக்கத்துத் துண்டு. களர் பூவராகவன் பெரியப்பா வீட்டுக்கு. பெரியம்மா தாரைப் பிரித்துப் படித்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டார். மதகோரத் துண்டு இன்னும் குடத்துக்குள்ளேயே இருந்தது. வீரபாகுவின் மனைவி அன்னம்மாள் கைவிட்டாள்.

வீரபாகுவுக்கு. அந்தத் தோப்பு, அந்தக் கிணறு, வீரபாகுவுக்கு!

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தவன் வாயை உடனே பொத்திக்கொண்டான். எனக்கு ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது. எனக்கு விழவில்லை என்கிற வயிற்றெரிச்சலும் அதில் சேர்த்திதான். கமலவேணி அன்னம்மாள் கையிலிருந்த தாரையே பார்த்தாள். "இவனுக்கா?" என்று மட்டும் கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

மறுநாள் எனக்கு ராத்திரி ஷிப்ட். பகலில் வீட்டில் இருந்தேன், ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை. தெருவில் எல்லாருக்கும் அதே நிலைமை. அவள் வெட்டுவாளா மாட்டாளா? விதிப்படி மரம் அவளுடையது, பொழுது சாயும்வரை. காலையில் அவள் அரிவாளோடு போவதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. டவுனுக்குப் போய்விட்டாள் என்றார்கள். பிறகு திரும்பி வந்து வீட்டு வாசலைப் பெருக்கினாள், பெருக்கின வாசலையே மறுபடி பெருக்கினாள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மரம் அறுக்கிற ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பிரேம்நாத் பின்னாலேயே போனார். நாங்களும் போனோம், ஒதுங்கி நின்றோம்.

கிணற்றை ஒட்டி இருந்ததுதான் இருக்கிற மரங்களிலேயே பெரிசு. முதலில் நட்டதும் அதுதான். அதில்தான் ரம்பத்தை வைத்தாள். எதற்கு அதையே எடுத்தாள் என்று எனக்குப் புரிந்தது. அதை வெட்டிவிட்டால் மற்றதெல்லாம் லேசு. அவள் தோள் ஆடியது. மரத்தூள் சிவந்து கொட்டியது. காயும் பிஞ்சும் பூவுமாக இருந்தது மரம். யாரும் தடுக்கவில்லை, தடுக்க எங்களுக்கு உரிமையும் இல்லை.

பாதி அறுத்திருப்பாள், வீரபாகு தூக்கக் கண்ணோடு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். அவள் ரம்பத்தை நிறுத்தி நிமிர்ந்தாள். அவன் திட்டினால் பதிலுக்குத் திட்டலாம், கெஞ்சினால் முடியாது என்று சொல்லலாம். இரண்டுக்கும் தயாராக நின்றாள். அவன் மரத்தைச் சுற்றி வந்து தரையைப் பார்த்தான்.

"கமலா, இந்தப் பக்கம் சாச்சிடாத. அடியில பைப்பு போவுது. ஒடைஞ்சா தண்ணி போய்டும். நான் புடிச்சிக்கறேன், நீ அறு."

வந்து மரத்தில் தோள் கொடுத்து நின்றான். அவன் ஒரு பைப்பைப் பற்றிக் கவலைப்பட்டு நாங்கள் பார்த்தது அன்றுதான். கமலவேணி மீதியை அறுத்தாள். மரம் பைப் இல்லாத பக்கம் மெதுவாகச் சாய்ந்தது.

அடுத்த மரத்துக்குப் போனாள். ரம்பத்தை வைத்தாள், எடுத்தாள். அடுத்ததற்குப் போனாள். இலையைத் திருப்பிப் பார்த்து அடியிலிருந்த மாவுப்பூச்சியை நகத்தால் சுரண்டினாள். வரிசை வரிசையாக ரம்பத்தோடு நடந்துகொண்டே இருந்தாள். வேலிவரை போவாள், திரும்புவாள். சூரியன் மதகுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. "அக்கா, போதும் வாங்க" என்று பிரவீனா கூப்பிட்டாள். காதில் விழவில்லை. பொழுது முழுக்கச் சாய்ந்த பிறகுதான் நின்றாள். இனிமேல் தொடக்கூடாது. ரம்பத்தைப் பிரேம்நாத்திடம் கொடுத்துவிட்டு வீரபாகுவிடம், "வாரத்துல ரெண்டு தண்ணி வுடணும். வுடுவியா?" என்று கேட்டாள்.

"பாக்கறேன்" என்றான் அவன்.

"பாக்கறேன்னு சொல்லாத. வுடறேன்னு சொல்லு."

"சரிம்மா, வுடறேன்."

விட்டானா? பாதி விட்டான். நாலைந்து மரம் பட்டுப்போனது, மற்றவை நிற்கின்றன. ஆவணியில் காய் எடுத்து அன்னம்மாள் பஸ் ஸ்டாண்டில் விற்றாள். கமலவேணி வழக்கமாக நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் நின்றாள், அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவள். வீரபாகு இப்போது மத்தியானத்தில் எழுந்துவிடுகிறான் என்று கேள்வி. கமலவேணி நடுத்துண்டில் முள்ளங்கி போட்டிருக்கிறாள். ஆறு வருஷத்தைத் தாண்டி நிற்கிற எதையும் அவள் இந்தத் தடவை வைக்கவில்லை.

வெட்டிய மரத்தைப் பிரேம்நாத் லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து பிளந்து போட்டார். கேஸ் அடுப்பு இருக்கிற வீடுதான், ஆனாலும் வெந்நீர் அடுப்புக்கு மழைக்காலம் முழுக்க வந்தது.

போன மாசம் பஸ் ஸ்டாண்டில் என் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது அவள் முள்ளங்கிக் கூடையோடு வந்தாள். அன்னம்மாள் அந்தப் பக்கம் கொய்யா விற்றுக்கொண்டிருந்தாள். என்னிடமும் ஒரு பழம் இருந்தது, அன்னம்மாள் கொடுத்தது. மறைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"தின்னு டேனியலு, ஏன் பயந்து சாவற" என்றாள். பிறகு பஸ் படியில் ஒரு காலை வைத்து நின்று, தோப்பு போனதைப் பற்றித் தனக்கு ஒன்றும் இல்லை, பிரவீனா கேட்டது சரிதான், என்று வேகவேகமாகச் சொன்னாள். சொல்லி முடித்துக் கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"அந்த ஒரு மரத்த வெட்டினனே. சீட்டுக்கும் சேராம, வீரபாகுவுக்கும் சேராம, எனக்கே எனக்குன்னு நான் எடுத்துக்கினு வந்தது அது ஒண்ணுதான்பா. ஒருத்தரும் ஏன்னு கேக்கல. அதப் போய் அடுப்புல வெச்சிட்டேன்."